பத்தாயிரம் ரூபாய்க்குப் பெரிய திரை: எந்த போன் உண்மையிலேயே பெருசு?

பத்தாயிரம் ரூபாயை ஒட்டி ஒரு போன் வாங்கப் போனால் கடையில் முதலில் காதில் விழுவது திரை அளவுதான். "6.88 இஞ்ச் சார், இந்த ரேட்டுக்கு இதைவிடப் பெருசு கிடையாது." அந்த அளவு பொய்யில்லை. ஆனால் அந்த 6.88 என்பது ஒரு மூலையிலிருந்து எதிர்மூலைக்குப் போகும் குறுக்குக்கோட்டின் நீளம். போன் ஒல்லியாகவும் உயரமாகவும் ஆக ஆக அந்தக் கோடு நீண்டுகொண்டே போகும். நாம் வாசிக்கும் வரியின் அகலம் மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கும்.

2025 ஜனவரியில் வந்த ரெட்மி 14சி 5ஜியை எடுத்துக்கொள்வோம். 6.88 இஞ்ச், 720-க்கு 1640 பிக்சல். கணக்குப் போட்டால் திரையின் அகலம் சுமார் 7.03 செ.மீ., உயரம் 16 செ.மீ. அடுத்த மாதமே வந்த சாம்சங் கேலக்ஸி எஃப்06 5ஜி 6.7 இஞ்ச். அகலம் 6.98 செ.மீ., உயரம் 15.5 செ.மீ. பெட்டியில் 6.88, 6.7 என்று பார்க்கும்போது ஏதோ பெரிய வித்தியாசம் போலத் தோன்றும். ஸ்கேலை வைத்தால் அகலத்தில் அரை மில்லிமீட்டர், உயரத்தில் ஐந்து மில்லிமீட்டர், அவ்வளவுதான்.

இன்னும் பின்னால் போனால் வேடிக்கை கூடும். 2017 வாக்கில் வீட்டுக்கு வீடு இருந்த 5.5 இஞ்ச் போன்களின் திரை அகலம் 6.85 செ.மீ. அன்றைக்கும் இன்றைக்கும் பக்கவாட்டில் வளர்ந்தது இரண்டு மில்லிமீட்டருக்கும் குறைவு. 2016-இல் 14,999 ரூபாய்க்கு விற்ற ஷாவ்மி மி மேக்ஸ் வெறும் 6.44 இஞ்ச்தான், ஆனால் பழைய 16:9 வடிவம் (உயரம் 16 பங்கு என்றால் அகலம் 9 பங்கு) என்பதால் அதன் அகலம் 8 செ.மீ. பரப்பளவிலும் இன்றைய 6.88-ஐவிட ஒரு மாற்று அதிகம். உண்மையான பெரிய திரை போன் அதுதான். அந்த வடிவத்தில் இப்போது யாரும் செய்வதில்லை.

வீடியோவுக்கு வருவோம். யூடியூபில் நாம் பார்க்கும் செய்தி, சமையல், பாடம் பெரும்பாலும் 16:9. அதை 14சியில் படுக்கைவாட்டில் வைத்துப் பார்த்தால் படம் 12.5 செ.மீ. நீளத்துக்குத்தான் விரியும், அதாவது 5.6 இஞ்ச் திரைக்குச் சமம். மீதி மூன்றரை செ.மீ. இரண்டு ஓரத்திலும் கறுப்பாக நிற்கும். இரண்டு விரலால் இழுத்து முழுத்திரையாக்கலாம். அப்போது மேலும் கீழும் வெட்டுப்பட்டு, செய்தி சேனலில் அடியில் ஓடும் வரி காணாமல் போகும். சினிமாஸ்கோப் படங்களுக்கு மட்டும் இந்த நீளத் திரை கிட்டத்தட்டப் பொருந்தும். ராத்திரி ஒரு படம் பார்த்துவிட்டுத்தான் தூங்குவேன் என்பவருக்கு 6.88 வீண்போகாது.

சரி, எதையெல்லாம் ஒப்பிடுகிறோம்? விலைகள் எல்லாம் அறிமுக விலை. பண்டிகை விற்பனையில் மேலும் கீழும் போகும், புது மாடலும் வந்துகொண்டே இருக்கும். ரெட்மி 14சி 5ஜி, 4 ஜிபி ரேம், 64 ஜிபி சேமிப்பு, 9,999 ரூபாய். கேலக்ஸி எஃப்06 5ஜி, 4 ஜிபி, 128 ஜிபி, அதே 9,999. கொஞ்சம் மேலே போக்கோ எம்7 ப்ரோ 5ஜி, 6.67 இஞ்ச் அமோலெட் (ஒவ்வொரு பிக்சலும் தானே ஒளிரும் திரை), 14,999. அதற்கும் மேலே கேலக்ஸி ஏ16 5ஜி, 6.7 இஞ்ச் அமோலெட், 18,999. இதோடு கடைக்காரர் சொல்லாத ஒரு வழியும் உண்டு: பழைய போனை அப்படியே வைத்துக்கொண்டு கேலக்ஸி டேப் ஏ9 மாதிரி 8.7 இஞ்ச் டேப் ஒன்றை வாங்குவது. வைஃபை மாடல் 12,999-க்கு வந்தது. பழைய போன் வாங்குவதைக் கடைசியில் பார்ப்போம்.

என் சித்தப்பாவுக்கு போன் வாங்கப் போனபோது இந்தக் கணக்கு கைக்கு வந்தது. வெள்ளெழுத்து வந்து ரொம்ப நாளாகிவிட்டது அவருக்கு. "பெருசா இருக்கட்டும்ப்பா, கண்ணாடியத் தேடாம மெசேஜ் படிக்கணும்" என்றார். "போன் பெருசா இருந்தா எழுத்து பெருசாகாது சித்தப்பா, செட்டிங்ஸ்ல மாத்தினாத்தான் பெருசாகும்" என்றேன். கடையில் டெமோவுக்கு வைத்திருந்த இரண்டு போனையும் பக்கத்தில் பக்கத்தில் கிடத்தி, ஒரே குறுஞ்செய்தியைத் திறந்து எழுத்தைக் கண்ணளவுக்கு ஒரே மாதிரி பெரிதாக்கினோம். இரண்டிலும் வரிகள் ஏறத்தாழ ஒரே இடத்தில்தான் உடைந்தன. நீளமான போனில் அடியில் ஒரு வரி கூடுதலாகத் தெரிந்தது.

அந்த ஒரு வரியையும் லேசாகத் தள்ளிவிட முடியாது. எழுத்தைக் கடைசி அளவுக்கு ஏற்றிவிட்டால் பணம் அனுப்பும் ஆப்களில் 'அனுப்பு' பட்டன் திரைக்குக் கீழே போய்விடும். கீபோர்டும் மேலே வந்துவிட்டால் பாதித் திரைதான் மிச்சம். பெரிய எழுத்து வைத்துப் பழகுகிறவருக்கு உயரம் நிஜமாகவே உதவும். ஆனால் சித்தப்பா 14சி டெமோவை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுப் பார்த்தார். 17 செ.மீ.-க்கு மேல் உயரம், 200 கிராமுக்கு மேல் எடை. கால்வாசி வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. செருப்பு மாட்டக் குனிவது போல் குனிந்து காட்டி, "இது கெணத்துலதான் விழும்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். பவுச்சும் கண்ணாடியும் ஒட்டினால் எடை இன்னும் கூடும். கைப்பையில் போடுகிறவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை.

எச்டி+ திரை (குறுக்கே 720 பிக்சல்) மட்டம், ஃபுல் எச்டி+ (குறுக்கே 1080) தான் சரி என்று பலர் கண்ணை மூடிக்கொண்டு சொல்வார்கள். அதில் பாதிதான் உண்மை. 14சியிலும் எஃப்06-இலும் ஒரு இஞ்ச்சுக்குச் சுமார் 260 பிக்சல். ஒரு பிக்சல் பத்தில் ஒரு மில்லிமீட்டர். நல்ல பார்வை உள்ளவர் 30 செ.மீ. தூரத்தில் வைத்துப் பார்த்தால், பிரித்தறிய முடிகிற எல்லைக்குச் சற்று மேலே அது இருக்கிறது. 'ண', 'ஐ' போன்ற சுழி எழுத்துகளின் விளிம்பு பொடி அளவில் கொஞ்சம் மங்கும். வெள்ளெழுத்துக்காரர் போனைக் கையை நீட்டி 40 செ.மீ.-க்கு அப்பால்தான் பிடிப்பார். அந்தத் தூரத்தில் 260-ஐயும் ஃபுல் எச்டி+ திரையின் 390-ஐயும் எந்தக் கண்ணும் சுலபத்தில் பிரிக்காது. ஆக, அறுபதைத் தாண்டியவருக்கு ஃபுல் எச்டிக்காக ஐயாயிரம் கூடக் கொடுப்பது, அவர் கண்ணுக்குப் படாத ஒன்றுக்குக் கொடுக்கும் காசு. கல்லூரிப் பிள்ளைக்கு அதே ஐயாயிரம் வீணில்லை. அவர்கள் எழுத்தைப் பொடியாக்கி, முகத்துக்கு நேரே வைத்துத்தான் பார்ப்பார்கள்.

வயதானவருக்கு உண்மையில் தேவைப்படுவது வெளிச்சம். மதியம் பஸ் ஸ்டாண்டில் நின்று ஓடிபியைப் படிக்க முடிகிறதா என்பதுதான் கேள்வி. 14சியின் உச்ச வெளிச்சம் 600 நிட் (திரை வெளிச்சத்தை அளக்கும் அலகு), எஃப்06-க்கு 800. கடைக்குள் ட்யூப்லைட் வெளிச்சத்தில் இரண்டும் ஒன்றுதான். வாசலுக்கு எடுத்து வந்து வெயிலில் காட்டினால் வித்தியாசம் தெரியும். டெமோ போனை வாசல் வரை எடுத்துப் போகக் கடைக்காரர் யோசிப்பார், கேட்டுத்தான் பார்க்க வேண்டும். போக்கோ எம்7 ப்ரோவுக்கு 2,100 நிட் என்று போட்டிருக்கும். அது திரையின் ஒரு சிறு பகுதி மட்டும் நொடி நேரம் எட்டும் உச்சம், முழுத்திரைக்கும் அதை எதிர்பார்க்கக் கூடாது. அப்படியும் 14சி, எஃப்06 போன்ற பத்தாயிரம் ரூபாய் போன்களின் எல்சிடி திரையைவிட (பின்னாலிருந்து விளக்கடிக்கும் வகை) அது வெயிலில் எவ்வளவோ மேல். நாள் முழுக்க பைக்கில் மேப்பைப் பார்த்து ஓட்டுகிற டெலிவரி தம்பிகளுக்கு நான் இஞ்ச்சைப் பற்றிப் பேசவே மாட்டேன். நேராகப் போக்கோவைத்தான் காட்டுவேன், அதில் இரண்டு ஸ்பீக்கர் இருப்பது அவர்களுக்குக் கூடுதல் லாபம்.

அமோலெட்டில் ஒரு செலவு ஒளிந்திருக்கிறது. கீழே விழுந்து உடைந்தால் டச்சும் டிஸ்பிளேயும் சேர்ந்த காம்போவைத்தான் மாற்ற வேண்டும். எல்சிடி காம்போவைவிட அமோலெட் காம்போ எப்போதும் விலை கூடுதல். ரிப்பேர் கடைகளில் 'காப்பி' என்று மலிவாக ஒன்று போடுவார்கள். போட்டபின் வெளிச்சமும் நிறமும் பழையபடி இருக்காது, அந்தத் திரைக்காகக் கொடுத்த கூடுதல் காசு அங்கேயே கரைந்துபோகும். அடிக்கடி கீழே போடுகிற கை என்றால் எல்சிடியே உத்தமம். வாங்கிய அன்றே டெம்பர் கிளாஸ் ஒட்டி, ஓரம் தூக்கலான பவுச் போட்டுவிடுங்கள்.

இப்போது காசுக் கணக்கு. போனின் விலையை, கம்பெனி பாதுகாப்பு அப்டேட் தருவதாகச் சொன்ன வருடங்களால் வகுத்துப் பாருங்கள். 14சிக்கும் எஃப்06-க்கும் நான்கு வருடம், ஆக வருடத்துக்கு 2,500 ரூபாய். போக்கோவுக்கும் நான்கு வருடம்தான், 3,750. ஏ16-க்கு ஆறு வருடம் என்று சாம்சங் சொல்லியிருக்கிறது, 3,167. பதினெட்டாயிரத்துச் சொச்சம் என்று மலைக்க வைத்த ஏ16, வருடக் கணக்கில் போக்கோவைவிட மலிவாகிவிடுகிறது. இன்னொன்று: ஏ16-இன் திரை 19.5:9 வடிவம். அகலம் 7.13 செ.மீ. மேலே சொன்ன நான்கு போன்களில் அகலமான திரை இந்த 6.7 இஞ்ச் போனுடையதுதான், 6.88-இனுடையது இல்லை!

14சிக்கும் எஃப்06-க்கும் வருடம் ஒன்றாக இருந்தாலும் தரும் சரக்கு வேறு. ரெட்மி ஆண்ட்ராய்டு 14-இல் வந்தது, இரண்டு முறை மட்டுமே புது ஆண்ட்ராய்டு. சாம்சங் ஆண்ட்ராய்டு 15-இல் வந்தது, நான்கு முறை. பேங்க் ஆப்கள் பழைய ஆண்ட்ராய்டைக் கைவிடும் நாள் எப்படியும் வரும், அன்றைக்கு இது கணக்கில் வரும். அதற்கு முன்னால் 4 ஜிபி ரேம் மூச்சு வாங்காதா என்றால், வாங்கும். மூன்றாவது வருடத்தில் இரண்டுமே திணறும் என்றுதான் நினைக்கிறேன். பெட்டியில் "8 ஜிபி ரேம்" என்று கொட்டை எழுத்தில் போட்டு, பக்கத்தில் பொடியாக 4+4 என்று போட்டிருப்பார்கள். இரண்டாவது 4, சேமிப்பிலிருந்து கடன் வாங்கி ஒப்பேற்றுவது. அதை ரேம் கணக்கில் சேர்க்காதீர்கள். கையில் ஆயிரம், இரண்டாயிரம் மிச்சம் இருந்தால் 6 ஜிபி மாடலுக்குப் போடுங்கள். திரை பெரிதாவதைவிட அது உதவும்.

64 ஜிபியைப் பற்றியும் சொல்ல வேண்டும். சிஸ்டமும் ஆப்களும் கணிசமாக எடுத்துக்கொண்டபின் மிச்சமுள்ள இடத்தைக் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பின் காலை வணக்கப் படங்களும் கல்யாண வீடியோக்களும் ஒரு வருடத்தில் நிரப்பிவிடும். மெமரி கார்டு போடலாம், ஆனால் ஆப்களின் எடை அங்கே இறங்காது. 14சியிலேயே 128 ஜிபி வேண்டுமென்றால் 10,999. அந்த இடத்தில் எஃப்06 ஆயிரம் ரூபாய் மலிவு. ஆனால் சாம்சங் பெட்டியில் சார்ஜர் கிடையாது, ரெட்மி பெட்டியில் 33 வாட் சார்ஜரே இருக்கும், போன் 18 வாட்தான் வாங்கும் என்றாலும். வீட்டில் டைப்-சி சார்ஜர் இல்லாதவருக்கு மிச்சம் பிடித்த ஆயிரத்தில் பாதி அங்கே போய்விடும்.

இதைவிட மலிவாக, அதே 6.88 இஞ்ச்சில் ரெட்மி ஏ4 5ஜி உண்டு, 8,499-க்கு வந்தது. வாங்கும் முன் உங்கள் சிம் எது என்று பாருங்கள். அந்த போனின் சிப் தனித்து இயங்கும் 5ஜியை மட்டும் பிடிக்கும். ஜியோவில் 5ஜி வரும். அந்த போன் வந்தபோது ஏர்டெல் 5ஜி 4ஜி வலைப்பின்னலின் மேல் ஏற்றி ஓடியதால் அதில் வரவில்லை, 4ஜியிலேயே நின்றது. பெட்டியில் 5ஜி என்று போட்டிருக்கிறதே என்று வாங்கியபின் கடையில் போய்ச் சண்டை போட்டுப் பயனில்லை.

படிக்கிற பிள்ளைகளுக்குப் பெரிய திரை போன் கேட்டு வருகிற பெற்றோரிடம் நான் சொல்வது வேறு. போட்டித் தேர்வு வினாத்தாள், கல்லூரி நோட்ஸ், பள்ளிப் பாடநூல் எல்லாம் பிடிஎஃபாக வருகின்றன, பலவும் ஏ4 தாள் அளவில். ஏ4 தாளின் அகலம் 21 செ.மீ. அதை 7 செ.மீ. அகலத் திரையில் முழுப்பக்கமாக வைத்தால் எல்லாம் மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கும். தாளில் 12 பாயின்ட்டாக இருந்த எழுத்து திரையில் 4 பாயின்ட். மருந்து அட்டையின் பின்பக்க எழுத்துகூட அதைவிடப் பெரிதாக இருக்கும். 6.7-ஆ, 6.88-ஆ என்ற கேள்விக்கே இங்கே அர்த்தமில்லை, இரண்டிலும் பக்கத்தை இடமும் வலமுமாக இழுத்து இழுத்துத்தான் படிக்க வேண்டும். போனைப் படுக்கவைத்தால் எழுத்து 9 பாயின்ட் வரும், ஆனால் ஒரு நேரத்தில் ஏழு செ.மீ. உயரம்தான் கண்ணில் படும். படம் ஒரு திரையில், அதற்கான கேள்வி அடுத்த திரையில் என்று ஆகிவிடும்.

8.7 இஞ்ச் டேப்பில் இந்தக் கதை மாறுகிறது. நிமிர்த்திப் பிடித்தால் அகலம் 11.3 செ.மீ., படுக்கவைத்தால் 19 செ.மீ. படுக்கைவாட்டில் 12 பாயின்ட் எழுத்து 11 பாயின்ட் அளவில் தெரியும், கிட்டத்தட்ட அச்சுத் தாள்தான். 16:9 பாட வீடியோவின் பரப்பு 6.88 இஞ்ச் போனில் தெரிவதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். இத்தனைக்கும் அந்தத் திரையின் பிக்சல் நெருக்கம் இஞ்ச்சுக்கு 180-ஐ ஒட்டித்தான். எடை 330 கிராமை ஒட்டி, ஒரு கையில் அதிக நேரம் பிடிக்க முடியாது, மேசைமேல் சாய்த்து வைத்துத்தான் பார்க்க வேண்டும். அது படிப்புக்கு நல்லதே. வைஃபை மாடலில் சிம் கிடையாது. வீட்டில் வைஃபை இல்லையென்றால் போனிலிருந்து ஹாட்ஸ்பாட் போட வேண்டும். பணம் அனுப்பும் ஆப்கள் சிம்மை வைத்துத்தான் பதிவாகும், ஆகவே டேப் போனுக்கு மாற்றாகாது. கையிலிருக்கும் போன் இன்னும் இரண்டு வருடம் ஓடும் என்றால் மட்டுமே இந்த வழி. ஓடும் என்றால் மாணவர்களுக்கு இதுதான் என் முதல் சிபாரிசு, மேலே சொன்ன எந்த போனும் இல்லை.

மற்றவர்களுக்கு இப்படிச் சொல்வேன். வாட்ஸ்அப், யூடியூப், பணம் அனுப்புவது, பேசுவது, அவ்வளவுதான் என்றால் எஃப்06 போதும். எழுத்தை உச்ச அளவில் வைத்துப் பழகியவர், பையில் வைத்துக்கொள்பவர், ராத்திரி படம் பார்ப்பவர் என்றால் 14சி, அதிலும் 128 ஜிபி மாடல். ஐந்தாறு வருடத்துக்கு இன்னொரு போன் வாங்க மாட்டேன் என்று உறுதியாக இருப்பவர் பல்லைக் கடித்துக்கொண்டு ஏ16-க்குப் போகலாம். இயர்போன் ஓட்டை அதில் கிடையாது, வயர் ஹெட்செட்டில் பாட்டுக் கேட்டுப் பழகியவர் யோசித்துக்கொள்ளட்டும். சித்தப்பா எஃப்06 எடுத்தார். சார்ஜருக்குத் தனியாகக் காசா என்று இன்னும் முணுமுணுக்கிறார்.

பழைய போன்? பத்தாயிரத்துக்கு இரண்டு வருடம் முந்தைய இருபதாயிரம் ரூபாய் போன் கிடைக்கும், திரையும் கேமராவும் புதிய பட்ஜெட் போனைவிட நன்றாகவே இருக்கும். ஆனால் பேட்டரி தேய்ந்திருக்கும், அப்டேட் காலத்தில் பாதி போயிருக்கும், திரையை ஏற்கெனவே காப்பி போட்டு மாற்றியிருந்தால் நமக்குத் தெரியவும் தெரியாது. வெள்ளைப் பின்னணியில் ஒரு படத்தைத் திறந்து ஓரங்களில் மஞ்சள் படிந்திருக்கிறதா, பழைய கீபோர்டின் நிழல் தெரிகிறதா என்று பாருங்கள். பில் கேளுங்கள். பிறகு *#06# அழுத்தி வரும் 15 இலக்க ஐஎம்இஐ எண்ணை (அந்த போனின் அடையாள எண்) குறித்துக்கொண்டு, மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் போட்டுப் பாருங்கள். திருட்டுப் போன் பட்டியலில் முடக்கப்பட்டது என்று வந்தால் விலை எவ்வளவு இறங்கினாலும் பேசாமல் திருப்பிக் கொடுத்துவிட்டு நடையைக் கட்டுங்கள்.